இரண்டு கிரெடிட் எங்கே குறைந்தது? நீச்சல் அணியில் இருந்துகொண்டு மெக்கானிக்கல் படிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதக் கடைசி. நான்காம் செமஸ்டர் முடிவுகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்தட்டான டிவிஷன் 1-இல் ஒரு நீச்சல் அணி. மாணவியின் மேஜர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இதுவரை எடுத்து முடித்தது 54 கிரெடிட். எதிலும் தோல்வி இல்லை, ஜி.பி.ஏ. 4-க்கு 2.9. பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் வீரர்களின் தகுதி விதிகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது: வரும் ஆகஸ்ட் முதல் போட்டியில் இறங்க இவருக்குத் தகுதி இல்லை. வேண்டியது 51.2 கிரெடிட், அதாவது முழு எண்ணில் 52; கையில் இருப்பது 50.

54 எப்படி 50 ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. மாணவி உண்மையில் ஒரு தனி ஆள் அல்ல. டிவிஷன் 1 விதிகளையும் 128 கிரெடிட் உள்ள வழக்கமான மெக்கானிக்கல் பாடத்திட்டத்தையும் வைத்துக் கட்டிய மாதிரி. இதில் நடக்கும் ஒவ்வொரு தவறும் அடிக்கடி நடப்பதுதான்; நான்கும் ஒரே ஆளுக்கு நடப்பதுதான் அரிது.

முதலில் விதி. டிவிஷன் 1 வீரர் ஐந்தாம் செமஸ்டருக்குள் நுழையும்போது தன் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். ஏழாம் செமஸ்டருக்கு 60, ஒன்பதாம் செமஸ்டருக்கு 80. 40-60-80 என்று அணியில் எல்லோரும் சொல்வது இதைத்தான். இது போக ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும். இலையுதிர், வசந்த செமஸ்டர்கள் இரண்டிலுமாகச் சேர்த்து 18. இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் 24. ஜி.பி.ஏ.க்கும் படிக்கட்டு உண்டு: பட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஜி.பி.ஏ.யில் இரண்டாம் ஆண்டுக்கு 90 விழுக்காடு, மூன்றாம் ஆண்டுக்கு 95, நான்காம் ஆண்டுக்கு முழுவதும்.

இவற்றில் எளிதாகத் தோன்றும் 40-இல்தான் பொறியியல் மாணவர்கள் விழுகிறார்கள். காரணம் அந்த விழுக்காடு 'எத்தனை கிரெடிட் எடுத்தாய்' என்று கேட்பதில்லை, 'நீ அறிவித்திருக்கும் பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் செல்லும்' என்று கேட்கிறது. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் எந்தப் பட்டம் என்று முறைப்படி அறிவித்தாக வேண்டும். அதுவரை எந்தப் பட்டத்துக்கும் செல்லக்கூடிய கிரெடிட்டாகப் பார்த்து வந்த அலுவலகம், அன்று முதல் மெக்கானிக்கல் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கும். கலைத் துறைகளிலோ வணிகத்திலோ விருப்பப் பாடங்களுக்கு ஏகப்பட்ட இடம் இருப்பதால் எதை எடுத்தாலும் எங்காவது ஒட்டிக்கொள்ளும். பொறியியலில் ஒட்டாது. பொறியியல் பட்டங்களுக்குத் தரச் சான்று தரும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரத்துக்கே கணிதமும் அடிப்படை அறிவியலும் 30 செமஸ்டர் கிரெடிட், பொறியியல் பாடங்கள் 45 என்று தரை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஏற்றிக்கொள்ளும். மிஞ்சுவது மொழி, சமூகவியல் வகையறாவுக்கு ஆறேழு பாடம்.

இனி மாணவியின் நான்கு செமஸ்டர்.

முதல் செமஸ்டரில் 14 கிரெடிட். கணிதத் தகுதித் தேர்வை ஜூலையில், ஒரு நீச்சல் போட்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில், தயாரிப்பில்லாமல் எழுதினார். கால்குலஸ் 1-க்குப் பதில் 4 கிரெடிட் ப்ரீ-கால்குலஸில் போட்டார்கள். ப்ரீ-கால்குலஸ் கல்லூரிப் பாடம்தான், மதிப்பெண்ணும் உண்டு, ஆனால் பொறியியல் பட்டத்துக்குச் செல்லாது. எடுத்தது 14, சென்றது 10.

இரண்டாம் செமஸ்டர் 15, எல்லாம் செல்லும். மொத்தம் 25. முதலாண்டு முடிவில் கேட்கும் 24-ஐத் தாண்டியாயிற்று. அந்தக் கணக்கில் ப்ரீ-கால்குலஸையும் சேர்த்து 29 என்று காட்டியதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இந்த இடம்தான் வஞ்சகமானது. முதலாண்டுச் சோதனையில் தேறியது இரண்டாமாண்டுச் சோதனைக்கு எந்த உத்தரவாதமும் தராது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு தராசு.

மூன்றாம் செமஸ்டரில் 15 கிரெடிட் பதிவு செய்தார். அதில் 3 கிரெடிட் ஸ்டாட்டிக்ஸ், அதாவது நிலையியல். வாரம் இரண்டு வீட்டுப்பாடம், மூன்று இடைத்தேர்வு. முதல் இடைத்தேர்வில் 41 மதிப்பெண். இரண்டாவது, வெளியூர்ப் போட்டி முடிந்து ஞாயிறு நள்ளிரவு பேருந்தில் திரும்பியதற்கு மறுநாள் காலை. எட்டாம் வாரம் பாடத்தை விலக்கிக்கொண்டார். 15-3=12. 12-க்குக் கீழே போயிருந்தால் அந்த நொடியே பயிற்சிக்கும் போட்டிக்கும் தகுதி போயிருக்கும், அதனால் 15-இல் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. மொத்தம் 37.

நான்காம் செமஸ்டரில் வந்திருக்க வேண்டியவை டைனமிக்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும். ஸ்டாட்டிக்ஸ் இல்லாமல் இரண்டிலும் உட்கார முடியாது. அந்த இடத்தில் பொதுப் பாடங்களைப் போட்டு 13 ஆக்கினார்கள். மொத்தம் 50. விழுக்காட்டில் 39.06.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 128-ஐ பத்து செமஸ்டருக்குச் சமமாகப் பிரித்தால் 12.8. நான்கு செமஸ்டரில் 51.2, அதாவது சரியாக 40 விழுக்காடு. 40-60-80 என்ற படிக்கட்டு ஐந்து ஆண்டில் பட்டம் முடிக்கும் வேகம், அவ்வளவுதான். எனவே 'மெதுவாக ஐந்து ஆண்டில் முடிக்கலாம், செமஸ்டருக்கு 12, 13 எடு' என்று யாராவது ஆறுதலாகச் சொன்னால், அவர் சொல்வது கயிற்றின் மேல் நடப்பதைத்தான். ஒரு பாடம் சறுக்கினாலும் கீழேதான். 12-இல் தொடங்கினால் விலக்கிக்கொள்ளவும் வழியில்லை. சுமையைக் குறைக்கத்தான் 12 எடுக்கிறார்கள், ஆனால் ஆபத்து கூடுவது அதில்தான். 15 எடுப்பவருக்கு ஒரு பாடத்தைக் கைவிடும் உரிமையாவது இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு என்றே அறிவிக்கப்பட்ட பாடத்திட்டங்களுக்கு வேறு விழுக்காடு உண்டு. நான்காண்டுப் பட்டத்தை நாமாக ஐந்தாக நீட்டுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த மாணவிக்கு நேராத இன்னொரு ஓட்டையும் உண்டு. கால்குலஸ் 2-இல் டி வாங்கினால் பல்கலைக்கழகம் கிரெடிட் தரும், ஆனால் பல பொறியியல் துறைகள் சி-க்குக் கீழே ஏற்காது. பட்டியலில் தேர்ச்சி என்றிருக்கும், பட்டத்துக்குச் செல்லாது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி பழகியவர்கள் இதை அரியர் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். அரியர் என்றால் அடுத்த தேர்வில் தாளை மட்டும் எழுதலாம். இங்கே பாடத்தையே மறுபடி எடுத்து, வகுப்பிலும் லேபிலும் முழுச் செமஸ்டரும் உட்கார வேண்டும். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது என்றால் காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டு கிரெடிட் குறைந்ததைக் கோடையில் ஸ்டாட்டிக்ஸ் எடுத்தே சரிக்கட்டலாம்: 50+3=53, அதாவது 41.4 விழுக்காடு. தகுதி திரும்பிவிடும். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் செலவு குறைவு. ஆனால் அங்கே எடுக்கும் ஸ்டாட்டிக்ஸைத் தன் துறை ஏற்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்காமல் சேரக்கூடாது. எழுதி வாங்காத கிரெடிட் 'பொது விருப்பப் பாடம்' என்ற பெயரில் வந்து சேரும், மறுபடியும் எதற்கும் செல்லாது.

கிரெடிட் சரியாகிவிட்டாலும் சங்கிலி சரியாகாது. மெக்கானிக்கலின் முதுகெலும்பு இது: ஸ்டாட்டிக்ஸ், அதன்மேல் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதன்மேல் மெஷின் டிசைன், அதன்மேல் கடைசி ஆண்டு கேப்ஸ்டோன் திட்டம். கேப்ஸ்டோன் பெரும்பாலும் இரண்டு செமஸ்டர் நீளும், இலையுதிரில்தான் தொடங்கும். கோடையில் எடுக்காமல் ஸ்டாட்டிக்ஸை மூன்றாம் ஆண்டு இலையுதிருக்குத் தள்ளியிருந்தால், ஸ்ட்ரெங்த் அந்த வசந்தத்தில், மெஷின் டிசைன் நான்காம் ஆண்டு இலையுதிரில், கேப்ஸ்டோன் ஐந்தாம் ஆண்டு இலையுதிரில், பட்டம் அதற்கடுத்த மே மாதம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை விலக்கியதற்கு விலை ஒரு முழு ஆண்டு. எட்டாம் வாரம் விலக்கல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. அணியின் அட்வைசர் 12-க்குக் கீழே போகவில்லையே என்று மட்டும் பார்த்தார், துறையின் அட்வைசருக்குத் தகவலே போகவில்லை. இரண்டு அட்வைசர்கள் இருப்பதும் அவர்கள் ஒருவரோடொருவர் பேசாததும் இந்த நிகழ்வின் நான்காவது காரணம். என்னைக் கேட்டால் முதல் காரணமே அதுதான்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. நான்காம் செமஸ்டரில் ஓட்டையை அடைக்கப் பொதுப் பாடங்களை அள்ளிப் போட்டார்கள் அல்லவா, அவை மூன்றாம், நான்காம் ஆண்டின் போட்டிக் காலத்துக்கு எடுத்துவைத்திருக்க வேண்டிய இலகுவான பாடங்கள். அவை தீர்ந்துவிட்டதால் இனி ஒவ்வொரு வசந்தமும் ஹீட் டிரான்ஸ்ஃபர், கன்ட்ரோல்ஸ், மெஷின் டிசைன் என்று கனமானவை மட்டும்.

நீச்சலுக்கு வசந்தம்தான் உச்சம் என்பதால் இது கூடுதலாக வலிக்கும். பருவம் அக்டோபர் வாக்கில் சூடுபிடித்து, பிப்ரவரியில் மண்டலப் போட்டி, மார்ச்சில் தேசியப் போட்டி என்று முடியும். ஆகவே இலையுதிரில் 16, வசந்தத்தில் 13 என்று சாய்த்துப் போடுவதே முறை. விளையாட்டு மாறினால் சாய்வும் மாறும். கால்பந்து, வாலிபால் ஆடும் பெண்களுக்கு இலையுதிர் இலகுவாக இருக்க வேண்டும். பேஸ்பாலில் பிப்ரவரி நடுவிலிருந்து 56 ஆட்டம் வரை உண்டு, வார நாட்களும் போகும். பேஸ்கெட்பால் இரண்டு செமஸ்டரின் மேலும் குறுக்கே படுத்துக்கொள்ளும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கம், வெளியரங்கம் என்று மூன்று பருவம், ஓய்வு என்பதே இல்லை.

நேரக் கணக்கு

விதிப்படி பருவத்தில் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. பருவத்துக்கு வெளியே வாரம் 8 மணி. ஒரு நீச்சல் அணியின் 20 மணி நேரம் இப்படி அமையும்: திங்கள், புதன், வெள்ளி காலை ஒன்றரை மணி, ஐந்து நாளும் பிற்பகல் 2 முதல் 4, செவ்வாய், வியாழனில் ஒன்றரை மணி எடைப்பயிற்சி, சனி காலை இரண்டரை. கூட்டிப் பார்த்தால் 4.5, 10, 3, 2.5: சரியாக 20.

இந்த 20-இல் சேராதவை: பயண நேரம், பிசியோ சிகிச்சை, 'விருப்பப்பட்டவர்கள் வரலாம்' என்று சொல்லப்படும் பயிற்சிகள், குளத்துக்குப் போய் வந்து குளித்து உடை மாற்றும் நேரம். போட்டி நாள் முழுவதும் போனாலும் கணக்கில் 3 மணிதான். உண்மையில் வாரம் 30 மணி என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி சொந்தப் படிப்பு என்பது கல்லூரிகளின் பொது அளவு. 15 கிரெடிட் என்றால் 45 மணி. உறக்கம் 56. வாரத்தின் 168-இல் 45, 30, 56 போக மிச்சம் 37. சாப்பாடு, நடை, துணி துவைப்பு நாளுக்கு மூன்று மணி என்றால் 21. கடைசியில் நிற்பது 16 மணி. வெள்ளி நண்பகல் கிளம்பிச் சனி இரவு திரும்பும் ஒரு வெளியூர்ப் போட்டி அந்தப் பதினாறையும் விழுங்கி, படிப்பு நேரத்திலும் ஒரு வாய் கடிக்கும். முடியாத காரியம் என்று இதற்கு அர்த்தமில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜோஷுவா டாப்ஸ் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத்தான் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். ஆனால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள இடம் மிகக் குறைவு.

பிற்பகல் 2 முதல் 4 பயிற்சி என்றால், இரண்டாம், மூன்றாம் ஆண்டு லேப்கள் பெரும்பாலும் 2 முதல் 5. மோதல் இங்கேதான். பயிற்சிக்காக வகுப்பைத் தவறவிடக் கூடாது என்று டிவிஷன் 1 விதியே சொல்கிறது. வெளியூர்ப் போட்டிக்குப் பயணம் போவது மட்டும் விலக்கு. அதனால் லேப் பக்கம்தான் சட்டம் நிற்கிறது. ஆனால் வாரம் இரண்டு பிற்பகல் பயிற்சிக்கு வராத நீச்சல்காரரைப் பயிற்சியாளர் எந்த ரிலேயில் சேர்ப்பார் என்பதை விதி சொல்லாது. தீர்வு பதிவு நாளில்தான் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் வீரர்களுக்கு முன்னுரிமைப் பதிவு உண்டு. அதைப் பயன்படுத்திக் காலை 8 மணி அல்லது மாலை 6 மணி லேப் பிரிவைப் பிடிக்க வேண்டும். கிழமையும் முக்கியம்: செவ்வாய் லேப் நல்லது, வியாழன், வெள்ளி லேப் ஆகாது, ஏனென்றால் அணி கிளம்புவது அந்த நாட்களில். இரண்டு லேப் தவறினால் பாடமே போச்சு என்று பாடத்திட்டத் தாளில் எழுதியிருக்கும் துறைகள் ஏராளம். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே பயணத் தேதிக் கடிதத்தைப் பேராசிரியர் கையில் கொடுத்து, எந்த லேபை எந்த வாரம் ஈடு செய்வது என்று மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிட வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் போய் நின்றால் அனுதாபம் மட்டும் கிடைக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்த நாளுக்குத் திரும்பினால்

மாணவிக்கு மூன்று வாய்ப்பு இருந்தன. முதலாவது அவர் தேர்ந்தெடுத்தது: டிவிஷன் 1 அரசுப் பல்கலைக்கழகம், 25 விழுக்காடு ஸ்காலர்ஷிப். இரண்டாவது ஐவி லீக் கல்லூரி: டிவிஷன் 1-தான், ஆனால் விளையாட்டுக்கென்று பணம் தராது, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை. மூன்றாவது டிவிஷன் 3 தொழில்நுட்பக் கல்லூரி: அங்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, வருமானத்தையோ படிப்புத் திறமையையோ பார்த்து உதவி.

25 விழுக்காடு என்ற சொல் வீட்டில் எல்லோரையும் மயக்கியது. கணக்குப் போடலாம். ஆண்டுச் செலவு 60,000 டாலர் என்று வைத்தால் ஸ்காலர்ஷிப் 15,000. நான்கு ஆண்டுக்கு 60,000. சங்கிலி அறுந்து ஓர் ஆண்டு கூடினால் அந்த ஓர் ஆண்டின் செலவும் 60,000. நான்கு ஆண்டு நீந்திச் சம்பாதித்தது ஒரே ஆண்டில் கரைந்துவிடும். போட்டித் தகுதி முடிந்த பிறகு பட்டம் முடிக்க உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. தருவீர்களா, எத்தனை செமஸ்டருக்கு என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய பத்திரம் 2024-இல் ஒழிக்கப்பட்டது. இப்போது கையெழுத்தாவது உதவித்தொகை ஒப்பந்தம் மட்டுமே, எழுத்தில் இருப்பதுதான் செல்லும்.

அணியில் இடமே எவ்வளவு உறுதி என்பதும் மாறிவிட்டது. வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற தீர்வின்படி, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. நீச்சலுக்கும் டைவிங்குக்கும் சேர்த்து 30 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆன் ஆகச் சேரலாம் என்று நம்பிப் பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தவர்களுக்கு இந்த வரம்புதான் இடி. 'உனக்கு இடம் உண்டு' என்று பயிற்சியாளர் சொன்னால், எந்த ஆண்டின் ரோஸ்டரில், எத்தனையாவது ஆள் என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் என்ற நெடுநாள் விதியும் வழக்குகளால் அசைந்துகொண்டிருப்பதால், சேரும் ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டும்.

டிவிஷன் 3-இல் 40-60-80 கிடையாது. முழுநேர மாணவராகவும் கல்லூரியின் தரத்தில் நல்ல நிலையிலும் இருந்தால் போதும். மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி., கால்டெக், கார்னகி மெலன், கேஸ் வெஸ்டர்ன், ரோஸ்-ஹல்மன் எல்லாம் டிவிஷன் 3. இந்த அணிகளில் பாதிப் பேர் லேப் வைத்திருப்பவர்களாக இருப்பதால் பயிற்சி நேரமே லேபைச் சுற்றி அமையும். தரம் குறைவு என்று தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: டிவிஷன் 3 எமோரியில் நீந்திய ஆண்ட்ரூ வில்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக நீந்தினார். சின்னக் கல்லூரியின் குறையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும், தவறினால் தவறியதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் அதே பாடம் இரண்டு செமஸ்டரிலும் கோடையிலும் கிடைக்கும். நம் மாணவி கோடையில் ஸ்டாட்டிக்ஸ் முடித்து இலையுதிரிலேயே ஸ்ட்ரெங்த் எடுத்துப் பாதி மீள முடிவது பெரிய இடம் என்பதால்தான்.

டிவிஷன் 1-இல் இன்னொரு கதவும் உண்டு. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் எல்லோரையும் பொதுப் பொறியியலில் சேர்த்துவிட்டு, பிறகு மதிப்பெண் பார்த்துத் துறை தருகின்றன. டெக்சஸ் ஏ அண்ட் எம்-இல் சில ஆண்டுகள் இருந்த ஏற்பாட்டில் 3.75 ஜி.பி.ஏ. இருந்தால் விரும்பிய துறை தானாகக் கிடைத்தது, அதற்குக் கீழே போட்டி. முதல் பருவம் நீந்திக்கொண்டே 3.75 எடுப்பது சிரமம். விரும்பிய துறை கிடைக்காமல் வேறு துறைக்குப் போனால் அங்கே எந்தக் கிரெடிட் செல்லும் என்று 40 விழுக்காட்டுக் கணக்கு மறுபடி தொடங்கும். நேரடியாகத் துறைக்குள் சேர்க்கை தரும் இடத்துக்கு, ஸ்காலர்ஷிப் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், நான் கூடுதல் மதிப்பு போடுவேன்.

பயிற்சியாளர் மாறிவிட்டார், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்ற எண்ணம் இரண்டாமாண்டில் பலருக்கு வரும். விளையாட்டு விதி இப்போது தாராளம். பொறியியல் கிரெடிட் தாராளம் இல்லை. செல்லும் கிரெடிட் 50-இல் புதிய இடம் 41-ஐ ஏற்று, அங்கே பட்டம் 130 கிரெடிட் என்றால் விழுக்காடு 31.5. போன அன்றே தகுதி இல்லை. மாறுவதென்றால் முதலாண்டு முடிவில் மாற வேண்டும், அதற்குப் பின் புதிய துறையின் கிரெடிட் மதிப்பீட்டைக் கையில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது.

துறையைத் தேர்வதில் 'எது எளிது' என்ற கேள்வி பயனற்றது. சங்கிலி எவ்வளவு நீளம், கண்ணிகள் எத்தனை முறை கிடைக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும். கெமிக்கல் மிக இறுக்கம்: மெட்டீரியல் பேலன்ஸிலிருந்து ரியாக்டர், பிளான்ட் டிசைன் வரை ஒரே நூலில் கோத்த மணிகள், நடுவே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப். மெக்கானிக்கலிலும் சிவிலிலும் நீளம் உண்டு, பிரிவுகளும் நிறைய உண்டு. கம்ப்யூட்டரில் வேலை பேருந்தில் மடிக்கணினியோடு வரும். ஆனால் குழுத் திட்டத்தின் கெடு போட்டி வாரத்தைப் பார்த்து நகராது. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் லேப் குறைவு என்பதால் அணி அட்வைசர்கள் அந்தப் பக்கம் தள்ளுவார்கள். விருப்பம் இருந்தால் நல்ல துறைதான், அட்டவணைக்காக மட்டும் போகாதீர்கள். சிவிலில் பி.இ. (புரொஃபஷனல் இன்ஜினியர்) உரிமம் வாங்க நினைப்பவர் ஏபெட் அங்கீகாரம் உள்ள பட்டமா என்று பார்க்காமல் சேர்வது பெரிய தவறு. மூன்று ஆண்டு கலைக் கல்லூரி, இரண்டு ஆண்டு பொறியியல் கல்லூரி என்ற 3-2 ஏற்பாடு காகிதத்தில் அழகு. வீரருக்கு ஆகாது, நான்காம் பருவம் ஆடவேண்டிய ஆண்டில் அணியை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

கோ-ஆப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு செமஸ்டர் முழுக்க நிறுவனத்தில் வேலை செய்யும்போது வகுப்புக் கிரெடிட் இருக்காது. அந்தச் செமஸ்டரைக் கல்லூரி முழுநேரப் படிப்பாகக் கருதினால் அணியில் தொடர விதி இடம் கொடுக்கிறது. கருதாவிட்டால் இல்லை. வேலை இன்னொரு ஊரில் என்றால் விதி இடம் கொடுத்தும் பயன் இல்லை. நீச்சல்காரருக்குப் பெரும்பாலும் ஒத்துவருவது மூன்றாம் ஆண்டுக்குப் பிந்தைய கோடையில், கல்லூரி இருக்கும் நகரத்திலேயே 10 முதல் 12 வார இன்டர்ன்ஷிப்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்குக் கூடுதல் முடிச்சுகள். 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் போட்டித் தகுதியோடு விசா நிலையும் ஆடும். அந்த 12-இல் ஆன்லைன் பாடம் ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் கணக்கில் வரும். வெளியே சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்ய விசாவில் தரும் அனுமதி) வழியில் இன்டர்ன்ஷிப் செய்ய முதலில் ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாட்டுக்காக வரும் ஸ்காலர்ஷிப் பகுதிக்கு வரி உண்டு, பொதுவாக 14 விழுக்காடு முன்பே பிடிப்பார்கள். பெயரையும் படத்தையும் விற்று விளம்பர வருமானம் பெறுவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படக்கூடும். சக வீரர் செய்கிறாரே என்று குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

அதே மாணவி, அதே பல்கலைக்கழகம், வேறு திட்டம்

பள்ளி முடிந்த ஜூனில் கணிதத் தகுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் ஒதுக்கிப் படித்திருந்தால் கால்குலஸ் 1-இல் தொடங்கியிருக்கலாம். முடியாவிட்டால் ப்ரீ-கால்குலஸை அந்தக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். அப்புறம் முதலாண்டு 14, 15. இரண்டாமாண்டு 16, 13. நான்கு செமஸ்டரில் 58, அதாவது 45 விழுக்காடு. தேவைக்கு மேலே 6.8 கிரெடிட், இரண்டு பாடம் சறுக்கினாலும் தாங்கும். மூன்றாமாண்டு 16, 13: மொத்தம் 87, தேவை 76.8. நான்காமாண்டும் அதேபோல்: 116. மீதி 12. அதை இரண்டு கோடையில் ஆறு ஆறாக முடித்தால் நான்கு ஆண்டில் பட்டம். முடியாவிட்டால் ஒன்பதாவது செமஸ்டர் ஒன்று, சரியாக 12 கிரெடிட்டோடு.

ஸ்டாட்டிக்ஸ் மூன்றாம் செமஸ்டரில் இருக்கும்போது அதே செமஸ்டரில் இன்னொரு கனமான லேப் பாடம் வேண்டாம். முதல் இடைத்தேர்வில் 50-க்குக் கீழே வந்தால் அந்த வாரமே டியூட்டர். அணிக்கு டியூட்டர் இலவசம்தான், ஆனால் ஸ்டாட்டிக்ஸ் சொல்லித்தரத் தெரிந்தவர் அணிப் பட்டியலில் இருக்கமாட்டார், துறையின் உதவி அறைக்குப் போக வேண்டும். போட்டிக்கு மறுநாள் வரும் தேர்வை, பயணத்தில் கூட வரும் அட்வைசர் கண்காணிப்பில் முன்னாலோ, இரண்டு நாள் கழித்தோ எழுதக் கேட்கலாம். பேராசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும், முதல் வாரத்திலேயே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எந்தப் பாடத்தை விலக்குவதானாலும் படிவத்தில் இரண்டு அட்வைசரும் கையெழுத்திட வேண்டும் என்று தானே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும், பல்கலைக்கழகம் கேட்காவிட்டாலும். ஒவ்வொரு செமஸ்டர் பதிவுக்கு முன்னும் பட்டத்துக்கு எந்தப் பாடம் சென்றது என்று காட்டும் துறையின் டிகிரி ஆடிட் அச்சை எடுத்து, 'செல்லும் கிரெடிட்' என்ற ஒரே எண்ணை 128-ஆல் வகுத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்.

இவ்வளவையும் சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள ஒரு நாள் இருக்கிறது. அதிகாரபூர்வ அழைப்பில் போய்க் கல்லூரியில் தங்கலாம். பெரும்பாலோர் அதைக் குளத்தையும் விடுதியையும் பார்ப்பதில் கழிக்கிறார்கள். அணியில் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் படிக்கும் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் அவருடைய அந்த வார அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, செவ்வாய் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். அப்படி ஒருவரே அணியில் இல்லை என்றால், முன்னால் இருந்தவர்கள் எந்தத் துறைக்கு மாறினார்கள், எந்தச் செமஸ்டரில் மாறினார்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.